செவுளைத் தூக்கிக் காட்டும் விமர்சகர்

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாக ஒரே ஒரு சினிமா விமர்சகரைத்தான் படிக்கிறேன். அவர் நன்றாக இருக்கிறது என்றால் புதுச்சேரிக்குப் போயாவது படத்தைப் பார்த்துவிடுவேன். சரியில்லை என்றால் விட்டுவிடுவேன். "உனக்கென்று சொந்தக் கருத்தே கிடையாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போன மாதம் அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு படத்துக்குப் போய் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன். ஒரு விமர்சகரை இப்படி நம்புவது தப்பா? இனி அவரை நம்பலாமா?

பதில்:

நம்பலாம். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவரிடம் எதை நம்புகிறோம் என்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் கடலூர்க்காரர் என்பதால் முதுநகர் மீன் சந்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சின்ன வயதில் அம்மா மீன் வாங்கப் போகும்போது பை தூக்க நானும் கூடப் போவேன். வழியெல்லாம் கூப்பிடுவார்கள். "யக்கா, வஞ்சிரம் பாரு, இப்பதான் போட்டுலேருந்து எறங்குச்சு" என்று ஒருவர், "சங்கரா வாங்கிக்க" என்று இன்னொருவர். அம்மா எல்லோரையும் தாண்டிப் போய் ஒரு ஆயாவுக்கு முன்னால் குந்துவார். அந்த ஆயா கூவ மாட்டார். மீனைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பு. அப்புறம் மீனைப் புரட்டிப்போட்டு வயிற்றுப் பக்கம் விரலால் ஒரு அழுத்து அழுத்துவார். அழுத்திய இடம் உடனே மேலே எழும்பி வந்தால் நல்ல மீன், குழி அப்படியே நின்றால் பழசு. சில நாள் கூடை நிறைய மீன் இருக்கும்போதே, "இன்னிக்கு வேணாம் பாப்பா, ஐஸுல கெடந்தது. நெத்திலி வாங்கிட்டுப் போ" என்று பக்கத்துக் கூடையைக் காட்டுவார்.

அந்த ஆயாவுக்கு காரப்பொடி மீன் என்றால் உயிர். "அதுல இருக்கிற ருசி வேற எதுல இருக்கு?" என்பார். அம்மாவுக்கு அந்த முள் ஆகாது, ஒரு நாளும் வாங்கியதில்லை. அதனால் ஆயாமேல் அம்மாவுக்கு இருந்த நம்பிக்கை துளியும் குறையவில்லை. ஆயாவின் நாக்கை அம்மா நம்பவில்லை, ஆயா காட்டிய செவுளைத்தான் நம்பினார். உங்களுக்கும் உங்கள் விமர்சகருக்கும் நடுவில் நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். போன மாதம் அவர் உங்களுக்குக் கெட்ட மீனைக் கொடுத்தாரா, காரப்பொடியைக் கொடுத்தாரா?

"செம படம்", "மொக்கை", "ஒரு தடவை பார்க்கலாம்" என்பதெல்லாம் கூவுகிற சத்தம். சாவுச் செய்தி வரும் காட்சியில் இசை எங்கே நுழைந்தது, நுழையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் சொன்னால் அது செவுளைத் தூக்கிக் காட்டுவது. முதல் பாதியில் மூன்று முறை அழுத்திச் சொன்ன விஷயத்தைக் கிளைமாக்ஸ் எப்படிக் கைகழுவியது என்று எடுத்துவைத்தால் அதுவும் அப்படித்தான். படித்துவிட்டு நாமே விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அப்படி நடந்த ஒரு நாளைச் சொல்கிறேன். சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) முதலில் தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தேன். பள்ளிக்கூட வயது. மெதுவாகப் போகிற படம் என்பதைத் தவிர எதுவும் பதியவில்லை. பல வருடம் கழித்து புதுச்சேரியில் ஒரு திரையிடலுக்குப் போனபோது, படம் தொடங்குவதற்கு முன் ஒரு பெரியவர் ஐந்து நிமிடம் பேசினார். கதையைச் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. "மகள் துர்கா இறந்தது தெரியாமல் அப்பா ஊரிலிருந்து திரும்புவார். அவளுக்கென்று வாங்கிவந்த புடவையை அம்மா கையில் கொடுப்பார். அந்த அம்மா அழுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்" என்றார். கேட்கவில்லை. முகம் உடைகிறது, உடம்பு குலுங்குகிறது, குரல் மட்டும் வரவில்லை. அவர் குரல் இருக்க வேண்டிய இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்ச ஸ்தாயியில் கதறுகிறது. அன்றைக்கு அந்த அரங்கில் என் காது திறந்தது. அதற்குப் பிறகு எந்தப் படத்தில் யார் அழுதாலும் சத்தத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெரியவர் என் சொந்தக் கருத்தைப் பறித்துக்கொண்டார் என்று யாராவது சொல்ல முடியுமா? கருத்து உருவாகத் தேவையான காதையே அவர்தானே கொடுத்தார்! உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, எனக்கென்று ஒரு விமர்சகர் கிடைத்த கதைக்கு வருகிறேன். 2002, 2003 வாக்கில் ரோஜர் ஈபர்ட்டைப் படிக்க ஆரம்பித்தேன். சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகையில் 1967-இல் தொடங்கி 2013-இல் இறக்கும் வரை எழுதியவர். 1975-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றார். ஒரு சினிமா விமர்சகருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. நான் அப்போது புதுச்சேரியில் வேலை பார்த்தேன். சாயங்காலம் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து அவருடைய பழைய விமர்சனங்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் விளக்கு வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து படிப்பேன். காற்றில் தாள் பறக்கும், முழங்காலில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் எளிமையாக இருக்கும். தனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டுவதற்காக ஒரு வரிகூட எழுத மாட்டார்.

முதலில் நானும் உங்களைப் போல நட்சத்திரத்தைத்தான் எண்ணினேன். அதிகபட்சமான நான்கு என்றால் டிவிடி தேடுவேன், இரண்டு என்றால் விட்டுவிடுவேன். அந்த எண்ணிக்கையைப் பற்றி அவரே விளக்கியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். ஒரு சூப்பர் ஹீரோ படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பவர் அதே வகைப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் கேட்கிறார், உலகத்தின் தலைசிறந்த படங்களோடு ஒப்பிட்டு இல்லை என்றார். எனவே இரண்டு படங்களுக்கு ஒரே நட்சத்திரம் கிடைத்தால் இரண்டும் ஒரே தரம் என்று ஆகிவிடாது. அது தெரிந்தபின் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் பல இடங்களில் எனக்கு ஒத்துவரவில்லை. டேவிட் லிஞ்சின் 'புளூ வெல்வெட்'டுக்கு 1986-இல் ஒற்றை நட்சத்திரம்தான் கொடுத்தார். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். நடிகையை அவ்வளவு அவமானத்துக்கு உள்ளாக்கிக் காட்சி எடுத்தால், அந்த வலியைத் தாங்குகிற கனம் படத்துக்கு இருக்க வேண்டும், இந்தப் படமோ அடுத்த நிமிடமே கிண்டலுக்குத் தாவிவிடுகிறது என்றார். இன்றைக்கும் அந்தக் காட்சிகள் வரும்போது அவர் சொன்னது என்னை உறுத்துகிறது. படம் பிடித்திருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. அவரைப் படிக்காமல் இருந்திருந்தால் முதலாவது மட்டும்தான் எனக்குக் கிடைத்திருக்கும்.

தப்பைத் திருத்திக்கொள்கிறவராகவும் இருந்தார். 'கிரவுண்ட்ஹாக் டே' வந்த 1993-இல் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர், 2005-இல் அதே படத்தைத் தன்னுடைய மாபெரும் படங்களின் வரிசையில் சேர்த்து, முதலில் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று எழுதினார். உங்கள் விமர்சகர் எப்போதாவது இப்படிச் செய்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். செய்திருந்தால் என் கண்ணில் அவர் மதிப்பு பல மடங்கு கூடும்.

நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஈபர்ட்டுக்கு 3டி படம் என்றாலே ஆகாது. 2010-இல் நியூஸ்வீக் பத்திரிகையில், 3டியை ஏன் வெறுக்கிறேன் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். படம் மங்கலாகிறது, டிக்கெட் விலை ஏறுகிறது, சிலருக்குத் தலை வலிக்கிறது, கதைக்கு ஒரு நன்மையும் இல்லை என்று காரணங்களை அடுக்கியிருந்தார். 2012 நவம்பரில் ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' வந்தது. கதை புதுச்சேரியில் தொடங்குகிறது, அந்தக் காட்சிகளில் பலவற்றை இங்கேயே எடுத்திருந்தார்கள். ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்ததோடு, 3டியைப் பயன்படுத்திய விதத்தையும் மனதாரப் பாராட்டினார். அதைப் படித்த அன்றே டிக்கெட் வாங்கினேன். 3டி என்றால் எல்லாவற்றையும் பாராட்டுகிற ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. வேண்டாம் என்று ஊரறியச் சொன்ன மனிதர், தன் வெறுப்பைத் தாண்டி வந்து சாட்சி சொல்கிறாரே, அந்தச் சாட்சிக்கு எடை அதிகம். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தபோது அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. படகுக்குக் கீழே கடல் எங்கே முடிகிறது, மேலே வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அந்தப் பையன் மிதந்தான்.

ஆனால் அதே படத்தின் தொடக்கத்தில், ஈபர்ட் எழுதாத ஒன்று எனக்கு இடறியது. அந்தப் புதுச்சேரி வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசுகிற பேச்சு நம் ஊர் வீட்டுப் பேச்சாக இல்லை. ஊர் அசல், வெயில் அசல், பேச்சு மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தது. சிகாகோவில் இருப்பவருக்கு அது கேட்க நியாயமில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு விமர்சகருக்கும் காது எட்டுகிற தூரம் ஒன்று உண்டு, அதுவரைதான் அவரை நம்ப முடியும் என்று அன்று உறைத்தது. உங்களுடையவர் எதில் கெட்டி? வசனமா, ஒளிப்பதிவா, நடிப்பா? கிராமத்துக் கதை வந்தால் அந்த மண் அவருக்குத் தெரியுமா? ஏழெட்டு வருடம் படித்திருக்கிறீர்கள், உங்களுக்கே விடை தெரிந்திருக்கும்.

தமிழில் இந்த வேலையை மதிப்பெண் போட்டுச் செய்த ஒரு காலம் உண்டு. ஆனந்த விகடன் 1977-இல் '16 வயதினிலே'வுக்கு 62.5 போட்டது இன்றும் பேசப்படுகிறது. எங்கள் தெருவில் பெரியவர்கள், "விகடன்ல எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் சினிமாவுக்குக் கிளம்புவார்கள். நூற்றுக்கு அறுபதைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் அந்த எண்ணுக்கு அவ்வளவு மரியாதை. கஞ்சத்தனமாகக் கொடுக்கிறவரின் பாராட்டு நிற்கும். ஆனால் அந்த 62.5 நினைவிருக்கிற பலருக்கு, அதோடு எழுதிய விமர்சனத்தில் ஒரு வரியும் நினைவில் இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

வரிகளால் என்னை மாற்றியவர் சு. தியடோர் பாஸ்கரன். அவர் வாரா வாரம் படம் நன்றா இல்லையா என்று எழுதுகிறவர் இல்லை, தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதியவர். 1996-இல் வந்த அவருடைய ஆங்கில நூல் ஒன்று, சினிமா பற்றிய சிறந்த புத்தகத்துக்கான தேசிய விருது பெற்றது. நம் படங்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றன, காட்சியால் சொல்ல வேண்டியதையும் ஏன் வசனமாகவே சொல்கின்றன என்ற கேள்வியை அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 1931-இல் பேசும் படம் வந்த பிறகு கம்பெனி நாடகத்திலிருந்து நடிகர்களும் பாட்டும் கதையும் அப்படியே மொத்தமாகப் படத்துக்குள் இறங்கியது ஒரு முக்கியக் காரணம் என்று அவரைப் படித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்த நாடக மரபுக்குத் தலைமை ஆசான் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுச்சேரி அரசு திரைப்பட விழாவில் கொடுக்கும் விருதுக்கும் அவர் பெயர்தான். பாஸ்கரனைப் படித்துவிட்டு ஒரு முறை அங்கே போய் நின்றேன். நம் படங்களில் கதாநாயகன் நின்று நிதானமாக நீளமாகப் பேசுவதற்கு ஒரு வேர் இந்த மண்ணுக்குள் இருக்கிறது என்று தோன்றியது. ஒரு படம் சுமார் என்று சொல்லி விட்டுவிடுகிற விமர்சகரிடம் இப்படி ஒரு பயணம் கிடைக்காது.

விமர்சகர்மேல் பக்தி வைப்பது பிழை என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஆந்த்ரே பசான் ஒரு சினிமா விமர்சகர், 1951-இல் தொடங்கப்பட்ட 'காயே து சினிமா' என்ற சினிமா பத்திரிகையின் நிறுவனர்களில் ஒருவர். போக்கிரியாகத் திரிந்து சிறுவர் சீர்திருத்த இல்லம் வரை போன ஃபிரான்சுவா த்ரூஃபோவைத் தன் பிள்ளை மாதிரி சேர்த்துக்கொண்டு எழுத வைத்தார். அந்தப் பையன் குருவுக்கு ஒத்துப்போனாரா என்றால் அதுவும் இல்லை. இயக்குநர்தான் படத்தின் ஆசிரியர் என்று த்ரூஃபோவும் கூட்டாளிகளும் கொடி பிடித்தபோது, அதை இவ்வளவு தூரம் இழுக்காதீர்கள் என்று 1957-இல் அதே பத்திரிகையில் பசான் எழுதினார். 1958 நவம்பரில் த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கிய மறுநாள் பசான் இறந்துபோனார். அவருக்கு வயது 40. அடுத்த வருடம் படம் வெளிவந்தபோது அதை அவருக்குத்தான் சமர்ப்பித்திருந்தார் த்ரூஃபோ. புதுச்சேரியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, தொடக்கத்தில் அந்தப் பெயர் வந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு சண்டையும் அவ்வளவு அன்பும் ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி, படம் விட்டு வெளியே வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை வாங்கிப் போடுவதைத்தான் இப்போது பலர் விமர்சனம் என்று நினைக்கிறார்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று கோரிக்கை வந்தது. படம் வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே வேண்டாம் என்று கேட்டு வழக்கும் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைக் கொடுக்கவில்லை. கொடுக்காதது சரி என்றே நினைக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு பேசுகிற குரல்களும் சந்தையில் உண்டு. அதைக் கண்டுபிடிக்க துப்பறியத் தேவையில்லை. ஒரு வருடத்தில் எத்தனை படத்தை வேண்டாம் என்று சொன்னார் என்று பாருங்கள், பெரிய நடிகர் படத்தையும் புதுமுகம் நடித்த படத்தையும் ஒரே தராசில் நிறுத்தாரா என்று பாருங்கள். "இன்னிக்கு வேணாம் பாப்பா" என்று ஒரு தடவையும் சொல்லாதவரிடம் மீன் வாங்க முடியாது.

இப்போது உங்கள் விஷயம். படத்துக்குப் போகும் முன் அவர் விமர்சனத்தை முழுதாகப் படிக்காதீர்கள். முதல் பத்தி போதும். பார்த்துவிட்டு வந்து, புதுச்சேரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள், உங்களுக்கு ஒட்டிய இரண்டு காட்சியையும் ஒட்டாத இரண்டு காட்சியையும் போனில் குறித்துவையுங்கள். வீட்டுக்கு வந்து முழு விமர்சனத்தையும் படியுங்கள். ஆறு மாதம் செய்தால் அவருக்கும் உங்களுக்கும் எங்கே பாதை பிரிகிறது என்று தெளிவாகத் தெரியும். அவர் மெதுவான படங்களில் பொறுமை உள்ளவர், நீங்கள் அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டால், அவர் "நிதானமான படம்" என்று எழுதும்போதே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அவர் பாராட்டுவதிலிருந்தே உங்களுக்குப் பிடிக்காது என்று கணிக்க முடிகிற நாள் வரும். அந்த அளவுக்கு ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பது பெரிய வசதி. குடும்பத்தோடு 20 கிலோமீட்டருக்கு மேல் போய், நாலு டிக்கெட்டும் தீனியும் வாங்குகிற செலவை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. கூடவே, அவர் கிழித்துப்போட்ட படம் ஒன்றையும் வருடத்துக்கு ஒரு முறையாவது வேண்டுமென்றே போய்ப் பாருங்கள்.

போன மாதம் பாதியில் விட்ட படத்தை, வீட்டில் பார்க்கக் கிடைக்கும்போது இடைவேளையிலிருந்து போட்டுப் பாருங்கள். பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் எந்தக் காட்சியை நம்பி அவ்வளவு எழுதினார் என்று தெரிந்துகொள்ளத்தான். அப்புறம் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஈபர்ட் தன் வாசகர்களின் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே தனிப் பகுதி வைத்திருந்தார். நல்ல விமர்சகர்கள் பலருக்கு இப்படி ஒரு கடிதம் வருவது சந்தோஷம். ஏழெட்டு வருடமாகப் படிக்கிறேன் என்பதை முதல் வரியில் சொல்லிவிடுங்கள். படம் மோசம் என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எந்தக் காட்சியில் எழுந்தீர்கள், அப்போது திரையில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதுங்கள்.